கும்பத்துக்கு ஒரு கொசுவலை

காவடி முடிந்து நாலு நாள் ஆகிறது. கையில் கட்டிய மஞ்சள் காப்பை அவிழ்த்தாயிற்று. மனசுதான் இன்னும் ஆறவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுதுங்கள் என்று நம் பத்திரிகை ஆசிரியர் அடிக்கடி சொல்வார். ஆறிப்போனதை யார் படிப்பார்கள்?

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் தீவின் தென்கோடியில், செமின் கிரனியேயில் பெரிய ரோட்டோரம் எனக்கு ஒரு தையல் கடை. வாரத்தில் ஆறு நாள் ஊராரின் கால்சட்டையைத் தைக்கிறேன். ஏழாம் நாள் இந்தப் பத்தியில் உட்கார்ந்து அரசாங்கத்தின் தையலைப் பிரிக்கிறேன். இரண்டில் எது அதிக நாள் தாங்குகிறது என்று கேட்காதீர்கள்.

மலேரியாவை ஒழிக்கிறோம் என்று அரசாங்கம் இந்தக் கொசு விவகாரத்தை ஆரம்பித்ததிலிருந்தே எனக்குச் சந்தேகம்தான். முதலில் முதுகில் டப்பா கட்டிக்கொண்டு மருந்து அடிக்கிறவர்கள் வந்தார்கள். கட்டில், பெட்டி, சாமி படம் எல்லாவற்றையும் முற்றத்தில் போடச் சொன்னார்கள். சுவர் முழுக்க மருந்து அடித்தார்கள். போகும்போது கதவில் பெயின்டால் ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். கொசுவை ஒழிக்க என் கதவுக்கு எதற்கு நம்பர்? கொசு என்ன, விலாசம் பார்த்தா வருகிறது?

இன்றைக்கு நம்பர். நாளைக்கு நம்பருக்கு ஒரு வரி. அப்புறம் அந்த வரியை வாங்க ஒரு ஆபீஸ்... உலக யுத்த காலத்தில் அரிசியைக் குறைத்துவிட்டு, "சோளமும் மரவள்ளியும் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது" என்று சொன்னவர்கள்தானே இவர்களும்? அன்றிலிருந்து 'உங்கள் நன்மைக்காக' என்று அரசாங்கம் ஆரம்பித்தாலே நான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

நம்பருக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் வந்தார். வாரா வாரம் வருகிறார். பீப்பாயை எட்டிப் பார்க்கிறார். கொட்டாங்கச்சியைக் கவிழ்க்கிறார். பூந்தொட்டிக்கு அடியில் விரலை விடுகிறார். எந்தப் பாத்திரத்திலும் ஏழு நாளுக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடாது. நின்றால் நோட்டீஸ். கேட்காவிட்டால் கோர்ட்.

என் கடைக்குப் பின்னால் பாக்கியத்தின் வீடு. அவள் புருஷன் சுப்பையா கரும்புத் தோட்டத்தில் களை எடுக்கிறான். ஒரே பெண் தேவி, ஏழு வயசு. மூன்று வருஷத்துக்கு முன் மழை மாசத்தில் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் மூன்று சாக்கைப் போர்த்தியும் கட்டில் ஆடியது. கண் மஞ்சளாகி, வயிறு ஒரு பக்கமாக வீங்கிவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். இந்தப் பிள்ளை பிழைக்காது என்று நினைத்துக்கொண்டே, "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிஸ்பென்சரியில் கொய்னா மாத்திரை கொடுத்தார்கள். கோவிலில் சுப்பையா மூன்று வருஷம் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டான். தேவி எழுந்துவிட்டாள். கொய்னாவா, முருகனா? இரண்டு தரப்பும் இன்றுவரை உரிமை கொண்டாடுகின்றன.

இது மூன்றாவது வருஷம், கடைசிக் காவடி. அந்த வீட்டு வழக்கம் என்னவென்றால், கொடியேறுகிற அன்று பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, மாவிலை செருகி, தேங்காய் வைத்து, சாமி மூலையில் கும்பம் வைப்பார்கள். பத்து நாள் அதை யாரும் அசைக்கக்கூடாது. காவடி செலுத்திவிட்டு வந்ததும் அந்தத் தண்ணீரைத் தேவியின் தலையில் தெளிக்க வேண்டும். அதோடு நேர்த்தி தீரும். இடையில் கொட்டிவிட்டால் மூன்று வருஷமும் வீண். காய்ச்சல் திரும்பி வந்துவிடும் என்று பாக்கியம் பயந்தாள்.

கணக்கு உங்களுக்கே புரிந்திருக்கும். சாமிக்குப் பத்து நாள், சர்க்காருக்கு ஏழு நாள். சரியாக ஏழாம் நாள் காலையில் இன்ஸ்பெக்டரின் சைக்கிள் மணி அடித்தது.

கொஞ்ச நேரத்தில் பாக்கியம் கையில் நோட்டீஸோடு என் கடைக்கு ஓடிவந்தாள். அவளுக்குத் தமிழில் நாலு வரி எழுதத் தெரியும். எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓட்டு என்று சட்டம் வந்ததால் இந்தத் தடவை ஓட்டுகூடப் போட்டாள். நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது. நான் வாங்கிப் படித்தேன். 'நாளைக் காலைக்குள் கொட்டாவிட்டால் கோர்ட்' என்ற இடம் வந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. கழுத்தில் கிடந்த டேப்பைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டேன்.

இன்ஸ்பெக்டருக்கு முப்பது வயசு இருக்கும். மோகா பக்கத்துத் தமிழர். அடுத்த வீட்டு வாசலில் நின்று ஃபாரம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதுகிற கையில்... மஞ்சள் காப்பு! அவரும் விரதம்!

உங்களுக்கு அது பக்தியாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. தமிழர் தெருவுக்கு, விரத நாளில், காப்புக் கட்டிய ஆளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்றால் மேலே யாரோ யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

(நாங்கள் சண்டை போட்டது கிரியோலில். நம்மவர்களுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடுகிறது. முறை சொல்லிக் கூப்பிடுவதும் சாமி பேரும் மட்டும் தமிழில் நிற்கும். உங்களுக்காக மாற்றித் தருகிறேன்.)

"மிஸ்யே" என்று மரியாதையோடுதான் ஆரம்பித்தேன். "கும்பம் என்ன, பீப்பாயா?"

"அண்ணே, கும்பத்துல இருக்கிறதும் தண்ணிதானே? மாவிலை இடுக்குல கொசு பூந்துடும்."

"தோட்டத்துக் குளத்துல பாசி பிடிச்சு வருஷக் கணக்கா தண்ணி நிக்குது. அதுக்கு நோட்டீஸ் குடுத்தாச்சா?"

அவர் முகம் சுருங்கியது. "அதுக்கு எங்க பெரியவரு எழுதியிருக்காரு."

"எழுதி?"

"எழுதியிருக்காரு."

ஏழை வீட்டுக் குடத்துக்கு ஒரே நாள் கெடு. முதலாளியின் குளத்துக்குக் கடுதாசி. நான் விடவில்லை. சட்டம், சாமி, சுதந்திரம் என்று கால் மணி நேரம் பொழிந்தேன். அவர் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விட்டால்தானே?

அதோடும் நிற்கவில்லை. காப்பு நிஜமா என்று பார்க்க வேண்டுமே? எதிரே சீனன் கடையில் ஒரு மீன் வடை வாங்கிக்கொண்டு வந்து, "வெயில்ல வந்திருக்கீங்க, சாப்பிடுங்க" என்று நீட்டினேன். நானும் விரதம். தொடக்கூடாத பண்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றேன். அவர் மீனைப் பார்த்தார், என் கையிலிருந்த காப்பைப் பார்த்தார், சைக்கிளில் ஏறினார். மீன் வடை தெரு நாய்க்குப் போயிற்று. சாப்பிடாததால் நல்லவர் என்று ஆகிவிடுமா? கெட்டிக்காரராகவும் இருக்கலாமே!

கடைக்கு வந்து மனு எழுத உட்கார்ந்தேன். கவர்னருக்கு, இங்கிலீஷில், நாலு பக்கம். மத சுதந்திரம், குடிமக்களின் உரிமை, வீட்டுக்குள் நுழைய யாருக்கு அதிகாரம்... என்னமாய் எழுதினேன் தெரியுமா! பாக்கியத்தைக் கூப்பிட்டு வரி வரியாக அர்த்தம் சொன்னேன். முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டாள்.

"இதுல தேவி பேரு எங்க இருக்கு, அண்ணே?"

நாலு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் இல்லை. என் பெயர் மட்டும் இரண்டு இடத்தில் இருந்தது.

"அவரு கொட்டுன்னு சொல்றாரு. நீங்க கொட்டாதேன்னு சொல்றீங்க. குடம் என்னுது, பிள்ளை என்னுது. எனக்கு என்ன வேணும்னு ரெண்டு பேர்ல யாராச்சும் கேட்டீங்களா?" அப்புறம் சட்டென்று கிரியோலில், "ஊ ஒசி ஊ கூமா குவெர்னமாங்!" என்றாள்.

நீங்களும் அரசாங்கம் மாதிரிதான் என்று என்னைச் சொல்லிவிட்டாள். இத்தனை வருஷமாக எழுதுகிறேன், இப்படி ஒரு அடி எந்த வாசகரும் கொடுத்ததில்லை.

"சரி, உனக்கு என்ன வேணும்?" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ரெண்டும் வேணும். சாமி தண்ணியும் வேணும். அந்தக் காய்ச்சல் எங்க வீட்டு வாசலுக்கு வரவும் கூடாது. நீங்க மனு எழுத வேணாம், அண்ணே. ஒங்களுக்குத் தைக்கத் தெரியும்ல? தைங்க."

கடையில் நல்ல மஸ்லின் இருந்தது. சர்ச்சில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் கவுனுக்கு வாங்கியதில் மிச்சம். அதை எடுத்துக்கொண்டு போனேன். கும்பத்தைத் தொடக்கூடாது. ஆகவே எட்ட நின்று, டேப்பைக் காற்றில் பிடித்து, உயரம், கழுத்து, இடுப்பு என்று அளவெடுத்தேன். முப்பது வருஷத் தொழிலில் மூச்சை அடக்கிக்கொண்டு அளவெடுத்தது அன்றைக்குத்தான். மேலே தேங்காய்க்கு ஒரு கூம்பு வைத்து, அடியில் எலாஸ்டிக் கோத்து, ஒரு சட்டை தைத்தேன். பாக்கியம் சாமி கும்பிட்டுவிட்டு, குடத்தில் கை படாமல் மேலிருந்து இறக்கினாள். ஒரு சுருக்கம் இல்லை!

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். கும்பத்தைச் சுற்றி வந்தார். குனிந்து எலாஸ்டிக்கைப் பார்த்தார். நான் இரண்டாவது சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"இது போதும்" என்றார்.

"என்ன போதும்?"

"நோட்டீஸ்ல கடைசி வரி படிக்கலையா, அண்ணே? கொட்டணும், இல்லாட்டி கொசு நுழையாதபடி மூடணும்."

நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். கோர்ட்டுக்கு அடுத்த வரியில் இருந்தது. நான் கோர்ட்டோடு நிறுத்திவிட்டிருக்கிறேன்.

"அதை நேத்தே சொல்லக் கூடாதா?"

"நீங்க பேச விட்டீங்களா?"

பாக்கியம் என் பக்கம் திரும்பவே இல்லை. அதுவே போதுமானதாக இருந்தது. இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது, "நீங்கதான் பேப்பர்ல எழுதறவராமே? எனக்குத் தமிழ் படிக்க வராது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்த வாரம் உங்களுக்கு வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

காவடி அன்று சுப்பையா அலகு குத்திக்கொண்டு, வெயிலில் நடந்து, செம்பில் பால் திரியாமல் கோவில் சேர்ந்தான். வீடு திரும்பியதும் தேவி தலையைக் குனிந்துகொண்டு முற்றத்தில் நின்றாள். பாக்கியம் உள்ளே போனாள். பிறகு என்னை மட்டும் கூப்பிட்டாள்.

மஸ்லினின் உள்பக்கம், என் தையலுக்குப் பக்கத்தில், இரண்டு கொசு உட்கார்ந்திருந்தது. தேங்காயை எடுத்துவிட்டுக் குடத்துக்குள் பார்த்தேன். பொடிப் பொடியாகப் புழு துள்ளிக்கொண்டிருந்தது. சட்டை போட்ட பிறகு வெளியிலிருந்து கொசு நுழைய வழியில்லை. முட்டை அதற்கு முன்பே, பீப்பாய்த் தண்ணீரோடேயே குடத்துக்குள் போயிருக்க வேண்டும். சட்டை மட்டும் இல்லையென்றால் அந்த இரண்டும் எங்கே போய் உட்கார்ந்திருக்கும்? சாமி மூலைக்குப் பக்கத்தில்தான் தேவியின் பாய். நாலு பக்கம் எழுதினேனே, அந்தக் குழந்தை பேரைக்கூட எழுதாமல்!

பாக்கியம் சட்டையோடு சேர்த்துக் கொசுவை நசுக்கினாள். அந்தத் துணியிலேயே சுத்தமான இடம் பார்த்துத் தண்ணீரை ஒரு செம்பில் வடிகட்டினாள். வெளியே போய், "முருகா" என்று தேவியின் தலையில் தெளித்தாள். குழந்தை கூசிச் சிரித்தது. திரும்பி வந்து புழுவை வெயிலில் கொட்டிவிட்டு, துணியை என் கையில் கொடுத்தாள். "அலசி வெச்சுக்கங்க, அண்ணே."

துணியை அலசிக் காயவைத்து, மடித்துக் கடையில் வைத்திருக்கிறேன். தோட்டத்துக் குளம் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு எத்தனை கஜம் பிடிக்கும் என்று அரசாங்கம் கேட்டால் அளவெடுத்துச் சொல்லத் தயார்.

புழு விஷயத்தை இன்ஸ்பெக்டரிடம் சொல்லவில்லை. எல்லாமும் அவர்களுக்குத் தெரிய வேண்டுமா என்ன? இங்கே மட்டும் தைரியமாக எழுதுகிறீர்களே என்று கேட்பீர்கள். அவருக்குத்தான் தமிழ் படிக்க வராதே...

வராது என்றுதான் சொன்னார்.