எழுபத்து மூன்றாம் பக்கம்

கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு அமுக்குணி என்று பெயர். வைத்தவர் கடைக்காரர், அவளுடைய அக்காவைக் கட்டியவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், பன்னிரண்டு வருஷமாக அத்தான் கடையின் கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். வருபவர்கள் எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள். தலையாட்டிச் சொல்ல முடியாததைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவாள். வாய்க்குத்தான் ஓய்வு, கண்ணுக்குக் கிடையாது.

ஆய்வேடு அச்சடிக்க வரும் மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றே அந்த சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டாள். படித்த புத்தகங்களையும் கட்டுரைகளையும் கம்ப்யூட்டருக்குள் ஒரு நூலகமாகச் சேர்த்து வைப்பதற்கானது அது. கட்டுரையின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் அடையாள எண்ணைக் கொடுத்தால் போதும், எழுதியவர், தலைப்பு, ஆண்டு, பக்கம் எல்லாம் எங்கிருந்தோ ஓடிவந்து வரிசையில் நிற்கும். எங்கிருந்து வருகின்றன என்பது அவளுக்குத் தீராத அதிசயம். சில சமயம் ஆள் மாறியும் வரும். குருவியைக் கூப்பிட்டால் பல்வலி வந்து உட்காரும். அப்படி நுழைந்ததைப் பிடித்து வெளியே தள்ளுவதில் அவளுக்குத் தனி ருசி.

ஒரு திங்கட்கிழமை, பக்கத்துப் பள்ளியின் அறிவியல் டீச்சர் தலையணை கனத்துக்கு ஒரு கட்டும், அதையும் படித்த கட்டுரைகளையும் போட்ட பென்டிரைவுமாக வந்தார். ஊர்க்குருவிகள் கூடு கட்டுவதைப் பற்றி ஆறு வருஷ ஆராய்ச்சி.

"ஒருதடவை திருப்பி அனுப்பிட்டாங்க. உள்ளே சொன்னதும் பின்னாடி பட்டியலும் ஒத்துப்போகலையாம். மேற்கோள் மட்டும் இருநூத்திப் பதினாறு இருக்கு. வெள்ளிக்கிழமை கொடுக்கலேன்னா என் பதிவே காலாவதி. ஆறு வருஷமும் தண்ணியில போட்டதுதான்."

"வியாழக்கிழமை வாங்க டீச்சர்," என்றார் அத்தான். "நம்ம அமுக்குணி உள்ளே இறங்கினா எறும்பு கூடத் தப்பாது."

அவள் தலையாட்டினாள்.

எண் இருந்தவற்றைச் சேர்க்க ஒன்றரை நாள் ஆனது. எண் இல்லாத பழைய கட்டுரைகளைக் கையால் தட்டினாள். பிறகு ஆய்வேட்டின் ஒவ்வொரு வரியிலும், மேற்கோள் வரும் இடத்தில் நூலகத்திலிருந்து அதற்குரியதை எடுத்துப் பொருத்தி, பக்க எண்ணைக் கட்டத்தில் போட வேண்டும். புதன்கிழமை காலை நூற்று நாற்பதாவதில் அவள் விரல் நின்றது.

அறுபது வருஷத்துக்கு முந்தைய கட்டுரை அது. பட்டியல்படி நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தொடங்கி நாற்பத்தெட்டில் முடிகிறது. ஆய்வேட்டிலோ, 'அதே ஜோடிதான் ஆண்டுதோறும் அதே கூட்டுக்குத் திரும்புகிறது, பக்கம் எழுபத்து மூன்று' என்று இருந்தது.

நாற்பத்தெட்டில் முடிந்துபோன கட்டுரைக்கு எழுபத்து மூன்றாம் பக்கம் எப்படி வரும்?

டீச்சர் கொடுத்திருந்த மற்ற கட்டுரைகளைத் திறந்து பார்த்தாள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. நான்கு கட்டுரைகள் அந்தப் பழைய கட்டுரையை மேற்கோள் காட்டின. நான்கிலும் எழுபத்து மூன்று.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் ஒரு பெஞ்சு முழுக்க ஒரே கணக்குக்கு ஒரே தப்பு விடை எழுதி வரிசையாக உதை வாங்கியது நினைவுக்கு வந்தது. அதில் அவளும் உண்டு.

"என்ன தனியா சிரிக்கிறே?" என்றார் அத்தான். சீட்டில் எழுதிக் காட்டினாள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சேர்க்கிறதுதான் நம்ம வேலை. சரியா தப்பான்னு பார்க்கிறது அவங்க பாடு. ஊர் வம்பை விலைக்கு வாங்காதே, தாயே."

அவளால் அதை அப்படியே விட முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சாலையைத் தாண்டிக் கல்லூரி நூலகத்துக்குப் போனாள். பன்னிரண்டு வருஷமாக எதிரே இருந்தும் ஒருநாளும் படியேறியதில்லை. நூலகர் என்ன வேண்டும் என்று கேட்க, சீட்டை நீட்டினாள்.

"இதுவா? நான் வேலைக்குச் சேர்ந்த நாளா இதை யாரும் கேட்டதில்லையேம்மா."

பின்னறை அலமாரியிலிருந்து அந்த ஆண்டின் இதழ்த் தொகுப்பைத் தூசி தட்டி எடுத்து வந்தார். எழுபத்து மூன்றாம் பக்கத்தில் மீன் செதில் படம் இருந்தது. குருவி நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு வந்து, தெரியாத சொற்களை ஃபோனில் தேடித் தேடி வாசித்தாள். ஐந்து வரிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

'கூடு ஆண்டுதோறும் காலியாக இருப்பதில்லை. வருவது அதே ஜோடிதானா என்று எனக்குத் தெரியாது. பறவைகளுக்கு நான் அடையாளம் இடவில்லை.'

தெரியாது என்று எழுதியவரைத் தெரியும் என்று சொல்ல வைத்துவிட்டார்கள்! யாரோ ஒருவர் எண்ணையும் பேச்சையும் மாற்றிப் போட, மற்றவர்கள் மூலத்தைப் பார்க்காமலே பின்னால் போயிருக்கிறார்கள்.

அப்போதுதான் அவளுக்கு ஆய்வேட்டின் கடைசி இணைப்பு ஞாபகம் வந்தது. 'ஒத்துவராத பதிவுகள்' என்று தலைப்பு. திங்கட்கிழமை கட்டைப் புரட்டியபோதே அது அவள் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது.

வியாழக்கிழமை டீச்சர் வந்தார். அவள் நகலையும் சீட்டையும் நீட்டினாள். படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது.

"நாளைக்குக் கடைசி நாள். இப்போ வந்து தலையில கல்லைத் தூக்கிப் போடுறியே! என் மூணாம் அத்தியாயமே இந்த ஒரு வரியிலதான் நிக்குது."

"நான் அப்பவே சொன்னேன் டீச்சர், கேக்கலை," என்றார் அத்தான்.

அவள் சீட்டைத் தேடினாள். தீர்ந்துபோயிருந்தது. இன்று வாயைத் திறக்காவிட்டால் இந்தம்மாள் பொய்யை மறுபடியும் கட்டிக்கொண்டு போய்விடுவார், அல்லது கொடுக்காமலே விட்டுவிடுவார்.

"பச்சை வளையம்," என்றாள்.

"என்னது?"

"உங்க பள்ளிக்கூடத்துக் குருவிங்க காலுல நீங்க வளையம் மாட்டினீங்கல்ல, டீச்சர். பச்சை வளையம் போட்ட ஜோடி மறுவருஷம் வரலை. நீலம் வந்துச்சு. இருபத்தாறு கூட்டுல பத்தொம்பதுல ஆள் மாறியிருக்கு. நீங்க அதையெல்லாம் தப்புன்னு நெனச்சு ஒத்துவராததுல போட்டுட்டீங்க. தப்பு உங்க குருவி மேல இல்லை."

அத்தான் ஸ்டேப்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை.

டீச்சர் நகலை மறுபடி படித்தார். மூன்றாவது முறையும் படித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆறு வருஷமா என் கண்ணை நானே நம்பலையே," என்றார். கட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டியபடி, "கடைசி இணைப்பைத் தூக்கி மூணாம் அத்தியாயத்துல வைக்க எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"வரிசை எண்ணெல்லாம் அதுவே மாத்திக்கும், டீச்சர். நீங்க எழுத வேண்டியதை எழுதுங்க."

டீச்சர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். இடையில் ஒரு வரி புரியாமல் "ஏன் மாறுது டீச்சர்?" என்று கேட்டாள். "அது தெரியலை," என்றார் டீச்சர். "அப்படியே எழுது. தெரியலைன்னே எழுது." அத்தான் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு முறை டீ வாங்கி வந்தார். மாலை ஆறு மணிக்குள் அத்தியாயம் முடிந்தது. மறுநாள் பதினொரு மணிக்குக் கட்டு கல்லூரிக்குள் போனது. வாங்கிக்கொண்டார்கள் என்று டீச்சர் வாசலில் இருந்தே கை காட்டினார். பட்டம் கிடைக்குமா என்பது இனிமேல்தான்.

அவள் தன் மேசைக்குத் திரும்பி கம்ப்யூட்டர் நூலகத்தில் நூற்று நாற்பதாவதைத் திறந்தாள். ஒவ்வொரு பதிவின் அடியிலும் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. அதுவரை அவள் அதில் எதையும் எழுதியதில்லை.

'பக்கம் 43. நேரில் பார்த்தது,' என்று தட்டினாள்.

பிறகு, மீதி இருநூற்றுப் பதினைந்தை யார் பார்த்தார்கள் என்று யோசித்தபடி, முதலாவதைத் திறந்தாள்.