ஆர்கனுக்குத் தோல் ஒட்டிய நாட்கள்

அண்ணன் ஜுரத்தில் மௌத்தாகி நாலு மாதம் ஆகியிருந்தபோது, அவன் படித்த கல்லூரியிலிருந்து ஒருவர் எங்கள் மண்டிக்கு வந்தார். அண்ணனைப் பற்றி விசாரிக்க வரவில்லை. அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்பதே அவருக்குத் தெரியாது. ஆட்டுத்தோல் வாங்க வந்தார்.

பாலக்கரையில் அத்தாவுக்குத் தோல் மண்டி. லால்குடி, உப்பிலியபுரம் பக்கத்து ஆடுகளின் தோல்கள் ஆவாரம்பட்டையில் பதமாகிக் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். அந்த வாடை என் தலைமுடியில்கூட அடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

வந்தவரை ஆர்கன் வாத்தியார் என்பார்கள். கல்லூரி மண்டபத்திலிருந்த பெரிய பைப் ஆர்கனை வாசிப்பவரும் அவர்தான், துடைத்துப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். அது காற்றில் பேசுகிற வாத்தியம். அதன் வயிற்றுக்குள் கட்டில் அகலத்துக்கு ஒரு துருத்தி இருக்கிறது, அதன் தோல் வெடித்துவிட்டது, எலி வேறு கடித்துவிட்டது, நல்ல மெல்லிய செம்மறித் தோல் வேண்டும் என்று கேட்டார்.

அந்த மண்டபத்தை அத்தாவுக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் சிநேகிதன் வீட்டில் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அந்திநேரத்து மக்ரிப் தொழுகையையும் விட்டுவிட்டு, அண்ணன் அங்கே போய் உட்கார்ந்து ஆர்கன் கேட்டுக்கொண்டிருந்தான். இசை கேட்பதே பாவம் என்று இருந்தவர் அத்தா. விஷயம் தெரிந்த அன்று அண்ணனை வாசலில் நிறுத்தி, தெருவே பார்க்க அடித்தார். அதன் பிறகு அண்ணன் அவரோடு பேசவில்லை. சோற்றுக்கு உட்காரும்போதும் தலை நிமிர மாட்டான். ஒரு மாதம் கழித்து ஜுரம் வந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டான். அதுவரைக்கும் பேச்சு திரும்பவேயில்லை.

இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார் என்று அம்மா நினைத்தார்கள். அத்தாவோ, தோலை மட்டும் கொடுத்தால் பற்றாது, ஒட்டவும் தெரிய வேண்டும், நானே வந்து செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூட லீவு. அவரைத் தனியாக விட மனமில்லாமல் அம்மா என்னையும் கூட அனுப்பினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மண்டபத்தின் ஒரு சுவர் முழுக்க ஆர்கன்தான். என் கட்டைவிரல் உயரத்திலும் குழாய் இருந்தது, இரண்டு ஆள் உயரத்திலும் இருந்தது. பின்பக்கக் கதவைத் திறந்து அத்தா உள்ளே இறங்க, வாத்தியார் வெளியே நின்றபடி அதன் கதையைச் சொன்னார். மரப்பெட்டிகளில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் வந்ததாம். சண்டைக் காலத்தில் சீமைத்தோல் கிடைக்காமல் யாரோ கெட்டியான மாட்டுத்தோலை ஒட்டிவிட்டார்களாம். அன்று பிடித்த கேடு இது என்றார். மழைக்காலத்தில் சில கட்டைகளை அமுக்கினால் மேலே எழும்பாது, சில குழாய் தானாகவே ஊளையிடும். ஐப்பசி கார்த்திகையில் ஈரம் ஏறாமலிருக்கக் கரியடுப்பை மூட்டிவைத்துப் பக்கத்திலேயே காவல் இருப்பாராம்.

அத்தா ஒவ்வொரு தோலாக எடுத்து வாயருகே பிடித்து ஊதுவார். மறுபக்கம் என் கன்னம். "காத்து படுதாம்மா?" என்பார். நூலளவு பட்டாலும் அந்தத் தோல் தள்ளுபடி. நாற்பது தோலில் ஆறுதான் தேறியது. பழைய தோலைச் சுரண்டி எடுத்து, வச்சிரப் பசையைக் காய்ச்சி, மூன்று நாள் குனிந்தபடியே ஒட்டினார். அந்த மூன்று நாளும் அவர் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பசை காய்ந்த பிறகு ஒருநாள் காலையில் வாசித்துப் பார்த்தார்கள். காவல்காரர் பின்னால் நின்று துருத்தியின் பிடியை அமுக்க, வாத்தியார் கட்டைகளில் கை வைத்தார். ஓசை தரை வழியாக என் உள்ளங்காலில் ஏறியது. அத்தா எழுந்து வெளியே போய்விடுவார் என்று பார்த்தேன். போகவில்லை. முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் போய் அண்ணனின் பெயரைச் சொல்லி, "என் மவன்தாங்க. இங்க எந்த இடத்துல உக்காருவான்?" என்று கேட்டார்.

வாத்தியார் இறங்கி வந்தார். கொஞ்ச நேரம் அத்தாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசி வரிசையில் ஜன்னலோரத்து பெஞ்சைக் காட்டினார். அத்தா அதில் போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்கானா?"

வாத்தியார் அத்தாவின் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் பட்டைக் கறையும் பசையும்.

"சொல்லாம என்னங்க. எங்க அத்தா விரலால தொட்டே இது எந்த ஊர் ஆட்டுத் தோல்னு சொல்லிடுவாங்கன்னு தம்பி பெருமையா சொல்லும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொன்னால் நாக்கில் சூடு வைப்பார்கள் என்று ஓதப் போகிற இடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "இல்லத்தா. அண்ணன் அப்படிச் சொல்லவே சொல்லாது. நம்மளுது ஜவுளிக்கடைன்னுதான் காலேஜ்ல சொல்லி வச்சிருந்துச்சு. யாரும் கேட்டா என்னையும் அப்படியே சொல்லச் சொல்லுச்சு" என்றேன்.

வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அகப்பட்டுக்கொண்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

அத்தா என்னைக் கோபிக்கவில்லை. "சின்னப் புள்ள, மனசுல வச்சுக்காதீங்க" என்று அவரிடம்தான் சொன்னார். பிறகு எழுந்து, அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவேயில்லை.

பாலக்கரைக்கு நடந்து வருகிற வழியெல்லாம் நான் அத்தாவின் வேட்டி நுனியைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே வந்தேன். பொய் சொன்னவர் வாத்தியார். உண்மையைச் சொன்னவள் நான். அப்படியிருக்க அத்தா எதற்காக அவர் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.