நெட்டி முறித்த கை

புதுச்சேரியில் ஒரு சிறிய கண் மருத்துவமனையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் அம்மா. ஐம்பது வயதிருக்கும். நெற்றி வழவழவென்று இருந்தது. வலது இமை மட்டும் பாதிக் கண்ணை மூடித் தொங்கியது. யார் பேசினாலும் விரலால் இமையைத் தூக்கி ஆளைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"நாளைக்குப் பையன் கல்யாணம்மா. பொண்ணு வீட்டாரு பாரீஸ்காரங்க. போட்டோவுல சுருக்கம் தெரியக் கூடாதேன்னு போன வாரம் நெத்தியில போடாக்ஸ் ஊசி போட்டுக்கிட்டேன். அழுத்தினா மருந்து கண்ணுக்கு இறங்கிடும், அன்னிக்கு முழுக்க நெத்தியில கையே வைக்காதீங்கன்னாங்க. வீட்டுக்கு வந்தா, மருமகளா வரப்போறவ முகூர்த்தப் புடவையக் கட்டிப் பாத்துட்டு வந்து நிக்கிறா. கை சும்மா இருக்குமா? அவ கன்னத்தை வழிச்சு, என் நெத்திப் பொட்டுல அழுத்தி நெட்டி முறிச்சுட்டேன். மூணாம் நாள் இமை இறங்கிடுச்சு!"

"சில வாரத்துல தானா சரியாயிடும். அதுவரைக்கும் இது கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும்" என்று அங்கேயே வந்து பார்த்த மருத்துவர் அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்.

அரை மணி நேரம் காத்திருந்தோம். என்னைக் கூப்பிட்டபோதும் நான் எழவில்லை. மெல்ல மெல்ல அவர் கருவிழி முழுதாகத் தெரிந்தது.

"ஏறிடுச்சும்மா, ஏறிடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

அவர் கைக்கண்ணாடியில் பார்த்தார். சந்தோஷம் தாளாமல் என் கன்னத்தை வழித்து, இரண்டு கைகளையும் தன் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"வேணாம்மா!" என்று காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் அலறினார்கள்.

கைகள் நடுவழியில் நின்றன. பிறகு என் நெற்றிப் பொட்டில் அழுந்தி, பத்து விரலும் படபடவென்று முறிந்தன.

மறுநாள் மணமேடையில் அந்தக் கைகள் யார் நெற்றியைத் தேடியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.