எதிரொலி சார்

வேதியியல் சாருக்கு வாய் உண்டு, காது கிடையாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எவர் சொன்னதையும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான், மற்றவர்கள் நைசாக நழுவிவிட்டதால், மாணவர் உளவியல் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார் தலைமையாசிரியை. அங்கே சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுதான் இவர் மண்டையில் ஏறியது: பிள்ளை சொன்னதை, தலையைச் சற்றுச் சாய்த்து, அதனிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் தன் பேச்சை ஒருவர் கேட்கிறார் என்று அதற்குப் புரியுமாம். நடுவில் கேட்கவும் வேண்டும் என்பதை மட்டும் சார் கோட்டைவிட்டுவிட்டார்.

திரும்பி வந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒருவன், "சார், கையில ஆசிட் பட்டுருச்சு!" என்று அலறினான். சார் தலையைச் சாய்த்தார். "கையில ஆசிட் பட்டுருச்சுன்னு உனக்குத் தோணுது." நல்லவேளை, ஆய்வக உதவியாளர் அவனைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப் போனார்.

அன்றோடு 'எதிரொலி' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அவருக்கென்ன, அவர் பாட்டுக்கு வளைய வந்தார். அவதியெல்லாம் அதே பள்ளியில் பத்தாவது படித்த மகளுக்கு. அவள் வாயைத் திறந்தால் போதும், வகுப்பே தலையைச் சாய்த்து அதைத் திருப்பிச் சொல்லும். பேனா கேட்டாலும் அதே கூத்துதான். வகுப்பில் பேசுவதையே விட்டுவிட்டாள். அப்பாவிடம் சொன்னால் இதையெல்லாம் நிறுத்திவிடுவார் என்று நம்பினாள், பாவம்.

"அப்பா, க்ளாஸ்ல எல்லாரும் என்னைக் கிண்டல் பண்றாங்க" என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது.

சாரின் தலை சாய்ந்தது. "எல்லாரும் கிண்டல் பண்றதா நீ நினைக்கிறே."

"நினைக்கலப்பா, நிஜமாவே பண்றாங்க. உங்களாலதான். நான் பேசுறதை அப்படியே திருப்பிச் சொல்றாங்க."

"திருப்பிச் சொல்றது உனக்கு வருத்தமா இருக்கு."

"அப்பா, ப்ளீஸ்... எனக்கு ஸ்கூலுக்குப் போகவே பிடிக்கல."

"ஸ்கூலுக்குப் போகவே பிடிக்கல" என்றார் சார், குரலைக் குழைத்து. பாடத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிட்ட பூரிப்பு முகத்தில் வழிந்தது. தூ!

மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

"ஏங்க, அவ அழறா. போய் என்னன்னு கேளுங்க" என்றாள் மனைவி.

"கேட்டாச்சே" என்று மோரை ஊற்றிக்கொண்டார் சார்.

அதற்குப் பிறகு மகள் வீட்டிலும் வாயைத் திறப்பதில்லை. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், பயிற்சியால் என்ன பலன் என்று தலைமையாசிரியை கேட்டார். சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"என் பொண்ணையே எடுத்துக்கங்க மேடம். முன்னெல்லாம் ஏதாவது ஒரு குறை சொல்லிட்டே இருப்பா. இப்போ எங்கிட்ட சொல்றதுக்கு அவளுக்கு ஒரு குறையும் இல்ல."