அக்கா மாற்ற மறுத்த அட்டவணை

எங்கள் அக்கா என்ன வேலை பார்த்தார் என்று உறவினர்கள் கடைசிவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "கட்டட வேலை" என்றால், "பொம்பளைப் பிள்ளை வெயில்ல நிக்குதா?" என்பார்கள். அக்கா சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் மறைந்து ஓராண்டாகும் வேளையில், தம்பியாகிய நான் இந்த நினைவு மலரில் அந்தக் கேள்விக்கு விடை எழுதுகிறேன்.

அக்கா எங்கள் தீவில் உள்ள பாலிக் புலா என்ற ஊரில் பிறந்தார். அவர் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படிக்கும்போது அப்பா தவறினார். அம்மாவும் நாங்கள் இருவரும் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். அக்கா ஒரு கட்டுமான நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். இன்று எத்தனை பேர் வந்தார்கள், எப்போது மழை பிடித்தது, எந்த வேலை எதற்காக நின்றது என்று தினமும் எழுதுவதே அவர் வேலை. மாலை வகுப்புக்குப் போய் டிப்ளோமா முடித்தார். பிறகு, எந்த வேலைக்கு எத்தனை நாள், எதற்குப் பின் எது என்று அட்டவணை போடும் பொறுப்பு அவரிடம் வந்தது.

நாள் கணக்கை அவர் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ததில்லை. கம்பி கட்டுபவரிடமே போய், "எத்தனை நாள் வேணும்? உண்மையைச் சொல்லுங்க லா" என்று கேட்பார். காலையில் பாசார் சந்தை நெரிசலில் கான்கிரீட் லாரி சிக்கும் என்பதால் பத்து மணிக்குப் பிறகே வரச் சொல்வார். வீட்டிலும் அதே கண்டிப்புதான். தாமதமாகக் கிளம்பினால் எங்களிடம் கோபப்படுவார். ஆனால் என் திருமணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துக்கு வெளியே வேலை விஷயமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தவரும் அவர்தான். அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

ஆயர் ஈத்தாமில் மலைச்சரிவை ஒட்டி ஓர் அடுக்குமாடி வேலை நடந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் கொங்சி சரிவின் அடியிலேயே இருந்தது. பெருமழைக்கு முன் அதை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அக்கா அட்டவணையில் முதல் வேலையாகப் போட்டார். திட்ட மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை.

"மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அஸ்திவார பைலிங் முடியட்டும், அப்புறம் மாத்திக்கலாம்."

"பைலிங் தள்ளிப்போகும் சார். மழை தள்ளிப்போகாது."

"நான் சொல்ற மாதிரி போட்டுக் கொடுங்க."

"அப்படின்னா வேற யார்கிட்டயாவது கையெழுத்து வாங்கிக்கோங்க."

அக்கா அட்டவணையை ஆலோசகப் பொறியாளரிடம் எடுத்துப்போனார். அவர் கொங்சியை மாற்ற உத்தரவிட்டார். ஒன்பது நாள் மற்ற வேலைகள் நின்றன. மேற்பார்வையாளர் ரத்தினம் அண்ணன்கூட, "இந்தத் தங்கச்சியால எல்லாம் கெட்டுச்சு" என்று வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த மாதம் அக்காவை கடலுக்கு அக்கரையில் ஜுருவில் இருந்த பொருள் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்று சாப்பிடும்போது, "தப்பு செஞ்சிருந்தா மாத்தலாம். நான் செய்யலையே" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு தினமும் பாலம் தாண்டிப் போய் வந்தார்.

மழை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தொழிலாளர்கள் ஓய்வில் இருக்கும் நேரம், ரத்தினம் அண்ணன் போன் செய்தார். சத்தமாகப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"தங்கச்சி, மண்ணு இறங்கிருச்சு. பழைய கொங்சி இருந்த இடம் கண்ணுக்கே தெரியல. ஆளுங்க எல்லாரும் புது இடத்துல இருக்காங்க."

"எண்ணிப் பார்த்தீங்களா அண்ணே?"

"ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"இன்னொரு தடவை எண்ணுங்க. நான் லைன்ல இருக்கேன்."

அவர் எண்ணி முடிக்கும்வரை அக்கா நின்றுகொண்டே இருந்தார். நாற்பது பேருக்கு மேல், ஒருவரும் குறையவில்லை. போனை வைத்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். அப்பா இறந்த பிறகு அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மேலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்ப வரச் சொல்லிக் கடிதம் மட்டும் வந்தது. போகாதே என்றேன். "வேலை பாதியில நிக்குதுடா" என்று போனார். முதலில் தடுப்புச் சுவர், பிறகுதான் மற்றவை என்று புதிய அட்டவணை போட்டார். அந்த வீடுகளில் இன்று குடும்பங்கள் வசிக்கின்றன.

நோய் தெரிந்த பின் அக்கா இரண்டு ஆண்டுகள் இருந்தார். சிகிச்சைக்குப் போகும் நாள்களில் ரத்தினம் அண்ணனே கார் எடுத்து வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். கடைசி வாரம் அக்கா வீட்டில்தான் இருந்தார். அம்மா கையைப் பிடித்திருக்க, ஒரு காலை நேரத்தில் அமைதியாகப் போய்விட்டார்.

மருத்துவமனைத் தாதியர், சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டார், இறுதிக் காரியங்களில் உடன் நின்ற சொந்தபந்தங்கள், ரத்தினம் அண்ணன், அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இறுதிச் சடங்கு அன்று வங்காளதேசத்து இளைஞர்கள் ஆறு பேர் வேலை உடுப்போடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் தலைகுனிந்து நின்றார்கள். உள்ளே அழைப்பதற்குள் அவர்களை ஏற்றி வந்த லாரி புறப்பட்டுவிட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை. அவர்களுக்காக இந்த மலரில் ஆறு பிரதிகளை ரத்தினம் அண்ணனிடம் கொடுத்திருக்கிறோம். அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. அக்காவின் படம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.