எனக்கு மட்டும் இறங்கியவர்

இராயப்பன் இறந்த செய்தி மோட்டார் ஷெட்டுக்குச் சைக்கிளில் வந்தது. கொண்டுவந்தவர் சுரங்கத்தில் அவரோடு கன்வேயர் பெல்ட் ஒட்டும் வேலை பார்த்தவர். "காமாலைங்க. காலைல முடிஞ்சிபோச்சி. அஞ்சு மணிக்கு எடுக்கறாங்க" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுத் திரும்பினார். தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னோம். வேண்டாம் என்றார். சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் ஜீப் டிரைவர்கள் எங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. அதற்கு நியாயம் உண்டு.

சாயங்காலம் கல்லறையில் டிரைவர்கள் நாங்கள் உருகிய உருக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். "தங்கமான மனுஷன்" என்றார் ஒருவர். உயிரோடு இருந்தவரை இராயப்பனைத் திமிர் பிடித்தவன் என்று சொல்லிவந்த அதே வாய். மன்றத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு அஞ்சலி எழுதும்படி என்னைக் கேட்டார்கள். "எந்த ஜீப்புக்கும் எறங்காதவரு உங்களுக்கு மட்டும் எறங்குவாரே, நீங்கதான் எழுதணும்" என்று காரணமும் சொன்னார்கள். அவ்வளவு நெருக்கம் என்று நினைப்பு. சரி, எழுதுகிறேன்.

இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இறங்குவது என்றால் என்னவென்று தெரியாது. சுரங்கம் வந்த புதிதில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பலர் சுற்றுவட்டாரத்துக் கூலி ஜனம். ஊர்ப் பெரிய மனிதர் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பது அவர்கள் பழக்கம். டவுன்ஷிப் ரோட்டில் பெரிய மனிதர் இல்லை. ஜீப் இருந்தது. ஹாரன் சத்தம் கேட்டால் இறங்கினார்கள். நாங்களும் அதை எங்களுக்குச் சேரவேண்டிய மரியாதையாக எடுத்துக்கொண்டோம். ஜீப் எங்களுடையதில்லை, பெட்ரோல் எங்களுடையதில்லை, பின்னால் உட்காருகிற அதிகாரி எங்கள் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லமாட்டார். எங்களுக்கென்று இருந்தது ஹாரன் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு நாங்கள் போட்ட ஆட்டம் கொஞ்சமல்ல. இறங்காத ஆளை உரசிக்கொண்டு போவோம். சேற்றை வாரி அடித்துவிட்டு ஷெட்டில் வந்து சிரிப்போம். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு மனிதனுக்குரிய புத்தி தேறாது.

இராயப்பன் இறங்கமாட்டார். முதுகை நிமிர்த்தி, இடது ஓரமாக, ஒரே வேகத்தில் போவார். ஒரு நாள் வண்டியை அவர் சைக்கிளுக்குக் குறுக்கே நிறுத்தி, காது கேட்காதா என்று சத்தம் போட்டேன். அவர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். பின் சீட்டில் அதிகாரி வீட்டுச் சாப்பாட்டுக் கேரியர் மட்டும் இருந்தது.

"என்னங்க கொழம்பு?" என்றார்.

"வத்தக்கொழம்பு. அதுக்கென்ன?"

"கொழம்புக்கெல்லாம் நான் எறங்கறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார். சுற்றியிருந்த சைக்கிள்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அப்படி அடக்கிக்கொண்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதே கேரியரோடு போன இன்னொரு மத்தியானம்தான் அது நடந்தது. இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. எனக்கு நேரமாகிவிட்டது. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினேன். முன்னால் ஓரமாகப் போய்க்கொண்டிருந்த கம்மாபுரத்துக் கோவிந்தன், சத்தம் கேட்டதும் பழக்கப்படி சட்டென்று இறங்கினான். பின்னால் வந்த சைக்கிள் அவன்மேல் மோதியது. அவன் ரோட்டில் விழுந்தான். என் முன்சக்கரம் அவன் காலில் ஏறி நின்றது. அரைமணி கழித்து அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, சாப்பாடு கொட்டிவிட்டதா என்பது.

கோவிந்தன் காண்டிராக்ட் ஆள். பர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் அந்த மாதம்தான் அவன் பெயர் வந்திருந்தது. விபத்தில் தப்பு அவன் பக்கம் என்றால் பெயர் போய்விடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான், "நடுரோட்டில் வந்தான், ஹாரன் அடித்தும் இறங்கி ஒதுங்கவில்லை" என்று ஷெட்டில் எல்லோருமாக உட்கார்ந்து எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணையில் கோவிந்தன் பக்கம் சாட்சி சொல்ல வந்தவர், அன்று அதே கூட்டத்தில் சைக்கிளில் வந்த இராயப்பன் ஒருவர்தான்.

"அவன் எறங்கினானுங்க. எறங்கினதாலதான் உழுந்தான்" என்றார்.

விசாரணை அதிகாரி நிதானமாகக் கேட்டார். "நீங்க ஜீப்புக்கு இறங்குவீங்களா?"

"மாட்டேங்க."

"அப்ப டிரைவர்கள்மேல உங்களுக்கு ஏற்கெனவே கோபம் இருக்கு." அதோடு அவர் சாட்சி முடிந்தது. விசாரணை அதிகாரியின் புத்திசாலித்தனத்தை ஷெட்டில் நாங்கள் டீ வாங்கிக் கொண்டாடினோம். கோவிந்தனின் கால் கோணலாகச் சேர்ந்தது. பெயரை அடித்துவிட்டார்கள். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கப் போய்விட்டான்.

பெயரை அடித்த மறுநாள் ரோட்டில் என் ஜீப்பைக் கண்டதும் இராயப்பன் சைக்கிளை விட்டு இறங்கினார். ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று, நான் கடந்துபோகும்வரை என் முகத்தையே பார்த்தார். அதற்கடுத்த நாளும் இறங்கினார். மற்ற ஜீப்புகளுக்கு இல்லை, என் ஒருவனுக்கு மட்டும். ஷெட்டில் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு அந்த ரோட்டில் வண்டி ஓட்டவே கூசியது. நான்காம் நாள் வண்டியை நிறுத்தி, "எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"ஒரு தரம் எறங்கினவன எறங்கலன்னு எழுதிக் குடுத்தீங்க. நான் உங்களுக்குத் தெனமும் எறங்கறேன். என்னிக்காச்சும் ஒரு நாள், எறங்கினான்னு எழுதுங்க."

குரலில் கோபம் இல்லை. வேலை சொல்கிற மாதிரிச் சொன்னார். நான் எழுதவில்லை. அவரும் விடவில்லை. வருஷக்கணக்காக, மழையிலும் வெயிலிலும், காமாலையில் படுக்கிற வாரம்வரை இறங்கினார். அதைத்தான் நீங்கள் நெருக்கம் என்கிறீர்கள். இவ்வளவு வருஷம் ஒரு மனிதர் தினமும் என் முகத்துக்கு நேரே காறித் துப்பியிருக்கிறார், ஊர் அதை மரியாதை என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அவர் கொடுத்துப் போன அந்த ஒரு வேலைதான். இந்த அஞ்சலியின் கடைசியில் இருக்கும் வார்த்தைகளை இன்று காலை அலுவலகத்திலும் என் கையெழுத்தோடு கொடுத்துவிட்டேன். இனி எந்த ஜீப்பும் எனக்கு இருக்காது. சைக்கிள்தான். இராயப்பன் இனி இதைப் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு இந்தத் தைரியம் வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கோவிந்தன் ஓரமாகத்தான் வந்தான். ஹாரன் கேட்டது. இறங்கினான்.