சாமித்தட்டில் ஊதாப் பூ

டென்மார்க்கில், எங்கள் கிரின்ஸ்டெட் ஊரில் கறிவேப்பிலை தானாக வளராது, வளர்த்தெடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் மனைவியின் பிள்ளை. பின்னறையில் வெயிலுக்குப் பதிலாக லாம்பு கட்டி, அரிசி கழுவிய தண்ணீர் விட்டு, குளிர்காலம் முழுவதும் காப்பாற்றுவாள். வீட்டுக்கு வந்தவர்கள் எவரையும் ஒரு நெட்டு இலையாவது இல்லாமல் அனுப்பியதில்லை. அந்த லாம்பின் கீழேதான் நான் கஞ்சா வளர்த்தேன்.

விதை தந்தவன் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்பவன். இது இன்டிகா வகை, உன் இடுப்பு நோவுக்கு நல்லது, நித்திரை வரும் என்றான். நோவு உண்மைதான். ஆனால் நோவுக்காக மட்டும் வளர்த்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். செடி குட்டையாக, அடர்த்தியாக, அகன்ற இலைகளோடு எழும்பியது. யன்னலோரக் குளிருக்குப் பூக்கள் ஊதா நிறம் பிடித்தன. தொட்டால் விரலில் புளூபெரி ஜாம் மணக்கும். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னரே போய் மோந்து பார்ப்பேன். அதில் எனக்கு அப்படியொரு பெருமை.

மனைவியிடம் ஏதோ டெனிஷ் பூக்கண்டு என்று சொல்லிவைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் நம்பி, அதற்கும் சேர்த்தே தண்ணீர் விட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. கோல்டிங்கிலிருந்து ஒரு குடும்பம் பூசைக்கு வருவதாக இருந்தது. நான் வேலை முடிந்து வந்தபோது பிள்ளையார் படத்துக்கு முன்னால், பித்தளைத் தட்டில், மூன்று ஊதாப் பூக்கள் இருந்தன.

"கடையிலை வாங்கின பூ வாடிப்போச்சு. உங்கடை கண்டிலை ஆஞ்சனான், கோவிக்காதேங்கோ" என்றாள்.

"அது என்ன மணம் மணக்குது எண்டு பாக்கேல்லையோ?"

"சாமிக்கு வைக்கிற பூவை ஆரும் மோந்து பாக்கிறதோ?"

பூச்சிமருந்து அடித்த பூ என்று சொல்லித் தப்பலாமென்று பார்த்தேன். பொய் வாய்வரை வந்துவிட்டது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிள்ளையாருக்கு முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"அது பூக்கண்டு இல்லை. கஞ்சா" என்றேன்.

அவள் கத்தவில்லை. பூக்களை எடுத்துக் குப்பையில் போட்டாள். தட்டைக் கழுவினாள். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிற கை அது. குற்றப்பதிவு இல்லையென்ற பொலிஸ் கடிதம் கொடுத்துத்தான் அந்த வேலையில் சேர்ந்தவள்.

"பொலிஸ் வந்திருந்தால் என்ரை வேலை போயிருக்கும். தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டுதானோ வைச்சனீங்கள்?"

அதற்கும் எனக்கு அந்த ஒரு பதில்தான் இருந்தது. "ஓம்" என்றேன்.

அதற்குள் வாசல் மணி அடித்து, கோல்டிங்காரர் வந்துவிட்டார்கள். செடி பின்னறையிலேயே நின்றது. பூசை முடியும்வரை நான் பிள்ளையாரையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. புறப்படும்போது கோல்டிங் அக்கா வழக்கம்போலப் பின்னறைப் பக்கம் திரும்பினா.

"பிள்ளை, ரெண்டு நெட்டுக் கறிவேப்பிலை முறிக்கிறன்."

மனைவி கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள். என்னை ஒருமுறை பார்த்தாள். எனக்குத் தெரிய அவள் ஒருவருக்கும் பொய் சொன்னதில்லை.

"இண்டைக்கு வேண்டாம் அக்கா" என்றாள். "பூச்சி பிடிச்சிட்டுது."